முதியவரின் ஓட்டம்

நெடுந்தூர ஓட்டத்தில் முதுமைக்கென்று தனியே ஒரு கலை உண்டென்பதை எனக்கு உணர்த்தியவர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூரான பீச் ஃபாரஸ்டில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த கிளிஃப் யங். 1983-ஆம் ஆண்டில், தமது 61-ஆம் பிராயத்தில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரையிலான 875 கிலோமீட்டர் பந்தயத்தை 5 நாள் 15 மணி 4 நிமிஷத்தில் கடந்து, தம்மினும் வெகு இளையவர்களைப் பின்னே விட்டு, அவர் முதலிடம் பெற்றார்.

வாலிபர் துள்ளி ஓடுவர். உடல் ஒவ்வோர் அடிக்கும் மேலெழுந்து விழுவதால் முழங்காலுக்கு அதிர்ச்சி அதிகம். யங்கோ, பாதத்தைத் தரையினின்று அரிதாகவே உயர்த்தி, குறுகிய அடிகளை இடையறாது வைத்து, மாதவருமானத்தை மாதக்கடைசி வரை நிதானமாகச் செலவிடும் குடும்பஸ்தரைப்போல், தம் சக்தியைச் சிறுகச் சிறுகச் செலவிட்டார். நளினமற்றதென்று சிலர் கருதிய அந்த நடையே என் கண்ணுக்குப் பரம சௌந்தரியம்.

அவருடைய அப்பியாசமோ, ரப்பர் பூட்ஸ் அணிந்து பண்ணையில் ஆட்டுமந்தையைத் துரத்தி வளைத்ததுதான். மூப்பு முதலில் அபகரிப்பது வேகத்தை. நீடித்து உழைக்கும் திராணி மெள்ளத்தான் குறைகிறது. களைப்பு நீங்க மட்டும் கூடுதல் நாள் வேண்டும்; ஆகையால், கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஓய்வையும் பயிற்சியாகவே கொள்ளும் விவேகம் முதிய ஓட்டக்காரருக்கு அத்தியாவசியம்.

அந்தப் பந்தயத்தில் பரிசாகக் கிடைத்த 10,000 டாலரை அவர் சக ஓட்டக்காரர்களுக்கே பகிர்ந்தளித்தார். பின்னும் ஓய்ந்தாரில்லை; 1997-இல், 75-ஆம் பிராயத்தில், ஆஸ்திரேலியாவையே வலம் வரப் புறப்பட்டு, 6,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடினார்.