மெதுவாகத் துடிக்கும் இதயமும் ‘குறிப்பிடப்படாத’ பெட்டியும்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய சாமான் விற்பவர் நட்டு, போல்ட், ஸ்விட்ச் என்று பிரித்து வைத்திருப்பார். எந்த வகையிலும் சேராதவை ஒரு தனிக் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியல் பெருத்துக்கொண்டே போனால் பிரித்து வைத்ததில் பயனில்லை. மருத்துவ உலகிலும் அத்தகைய குவியல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே சற்றுக் கிளறிப் பார்ப்போம்.

நோய்களுக்குக் குறியீட்டு எண் தரும் சர்வதேசப் பட்டியல், 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. 1948 முதல் இதை உலக சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில் ‘ஆர் 00.1’ என்றொரு எண் இருக்கிறது. அதன் பொருள்: மெதுவான இதயத்துடிப்பு, வகை குறிப்பிடப்படாதது.

மூவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூவருக்கும் நாடி நிமிடத்துக்கு 42. முதலாமவர் தினமும் நெடுந்தூரம் ஓடும் கல்லூரி மாணவர். பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை வெளியேற்றுவதால், குறைந்த துடிப்பே அவருக்குப் போதும். இரண்டாமவர் இரத்த அழுத்தத்துக்காக அட்டெனோலால் மாத்திரை சாப்பிடும் மூதாட்டி. துடிப்பைக் குறைப்பது அம்மருந்தின் இயல்பு. அளவை மருத்துவர் மாற்றினால் நாடி சீராகலாம். மூன்றாமவர் அடிக்கடி மயங்கி விழும் கடைக்காரர். அவருடைய இதயத்தின் மேலறைகளில் தோன்றும் மின்துடிப்பு கீழறைகளை எட்டவே இல்லை. இது முழு இதய அடைப்பு. இதற்கு ‘ஐ 44.2’ என்ற தனி எண் உண்டு. மருந்து போன்ற நீக்கக்கூடிய காரணம் இல்லையென்றால், அவருக்கு வேண்டியது பேஸ்மேக்கர்.

ஓர் இ.சி.ஜி. எடுத்து, இரண்டு கேள்விகள் கேட்டால் மூவரும் பிரிந்துவிடுவார்கள். எடுக்காமலும் கேட்காமலும் விட்டால் மூவரும் ‘ஆர் 00.1’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள்.

பட்டியலை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அறிகுறிகளுக்கான அத்தியாயத்தில்தான் இந்த எண் வைக்கப்பட்டுள்ளது. இதைவிடத் திட்டமான நோயறுதி கிடைக்காதபோதே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மருந்தால் வந்த மெதுத் துடிப்பு என்றால், அந்த மருந்துக்கான எண்ணையும் சேர்த்து எழுத வழி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் வைத்திருப்பது விஞ்ஞான நேர்மையே.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, ‘குறிப்பிடப்படாதது’ என்ற சொல் இரு வேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. முழுதும் சோதித்தும் காரணம் அகப்படவில்லை என்பது ஒன்று. சோதிக்கவே இல்லை என்பது மற்றொன்று. முன்னது அறிவின் எல்லை. பின்னது கவனக்குறைவு, அல்லது வசதியின்மை. இரண்டுக்கும் ஒரே எண் என்றால், எந்த ஊரில் இ.சி.ஜி. கருவி வேண்டும், எங்கே பேஸ்மேக்கர் தேவை என்பதைப் புள்ளிவிவரத்திலிருந்து எப்படி அறிவது?

இரண்டாவது, இந்த எண்ணில் துடிப்பின் அளவே இல்லை. 60க்குக் கீழே என்பது பாடநூல் எல்லை. 2018இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறியோ, சைனஸ் கணுவின் மெதுத் துடிப்புக்கு 50ஐ எல்லையாகக் கொள்கிறது. 58க்கும் 34க்கும் இடையே எவ்வளவு தூரம்! எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

மரணச் சான்றிதழில் இந்தப் பழக்கம் இன்னும் கேடு செய்கிறது. சாகும் தறுவாயில் பலருக்கும் நாடி தளரும். அது இறந்த விதமே தவிர, இறந்த காரணம் அன்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மருத்துவர் காரணச் சான்று வழங்க வகைசெய்கிறது. எனினும் 2020இல் நம் நாட்டில் பதிவான மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே அத்தகைய சான்று கிடைத்தது. கிடைக்கும் அந்தச் சிறு பங்கிலும் காரணத்துக்குப் பதில் அறிகுறியை எழுதினால் மிஞ்சுவது என்ன?

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராவது திருத்தம், ஒரு எண்ணோடு வேறு எண்களைக் கோத்து எழுத இடம் தருகிறது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் கோப்பது மனிதர் கை. நேரமில்லாத கை பழைய பெட்டியையே திறக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரின் மருத்துவமனைச் சீட்டில் ‘மெதுத் துடிப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். “எதனால் டாக்டர்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதப்பட்டால், குவியலில் ஒன்று குறையும். ஒருவேளை ஓர் உயிரும் மிஞ்சும்.