தஞ்சைப் பெரிய கோயில்: உச்சியைப் பார்த்தவர்களும் அடித்தளத்தைப் படித்தவர்களும்

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம், ஒளிப்படம், பணத்தாள், திரைப்படம் எனப் பல வடிவங்களில் சித்திரிக்கப்பட்டுள்ளது. இச்சித்திரிப்புகளில் பெரும்பாலானவை 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தையே காட்டுகின்றன. கோயிலின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றான கல்வெட்டுகளோ அடித்தளத்திலும் திருச்சுற்றுச் சுவரிலும் உள்ளன. கோயில் பற்றிய பல தவறான நம்பிக்கைகள் இந்த இடைவெளியில் வளர்ந்தவை.

பெயரும் கட்டியவரும்

கல்வெட்டுகளில் இக்கோயிலின் பெயர் இராஜராஜீஸ்வரம். பெருவுடையார் கோயில், பிரகதீஸ்வரர் கோயில் என்பவை பிற்காலப் பெயர்கள். பெயர் மாறியபோது கட்டிய மன்னனின் நினைவும் மங்கியது. தோல்நோய் நீங்கிய கரிகாலன் கட்டியது எனத் தலபுராணம் கூறியது. 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஊல்ச் இக்கல்வெட்டுகளைப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வெளியிட்டார். முதலாம் இராஜராஜனே கட்டினான் என்பது இதன்மூலம் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. அம்மன்னன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. கோயில் 1010இல் நிறைவுற்றது என்ற கணிப்பு இதன் அடிப்படையில் அமைந்தது. உச்சியின் வரலாற்றைச் சொல்வதும் அடித்தளத்து எழுத்துதான்.

ஓவியமும் ஒளிப்படமும்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் தஞ்சைக் கோயில் அச்சோவியம் 1798இல் வெளியானது. தொலைவில் நின்று முழு விமானத்தையும் காணும் பார்வை அதனுடையது. இந்தப் பார்வையே பின்னர் வழக்கமாகியது. 1954இல் வெளியான 1000 ரூபாய்த் தாளிலும் கோயிலின் தோற்றமே இடம்பெற்றது.

இதற்கு அரிய விதிவிலக்கு லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த அவர், 1858இல் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி உருவாக்கிய அந்தச் சுருள் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. ஊல்ச்சின் பதிப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இக்கோயில் படிக்கப்பட வேண்டிய ஒன்று என்பதை உணர்ந்த முயற்சி இது. எனினும் டேனியல்களின் பார்வை பெற்ற செல்வாக்கை டிரைப்பின் பார்வை பெறவில்லை.

கற்பிதங்கள்

விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியிலிருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்னும் கூற்றுகள் இன்றும் பரவலாக உள்ளன. நிழல் விழுவதை வெயில் நேரத்தில் கோயிலுக்குச் செல்லும் எவரும் காணலாம். சிகரம் பல கற்களை இணைத்துக் கட்டப்பட்டது என்பதைக் கட்டட ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்மையில் இக்கூற்றுகள் கட்டியவர்களின் திறனைக் குறைத்தே காட்டுகின்றன. பல கற்களைச் சாந்தின்றிப் பொருத்தி அவ்வளவு உயரத்தில் நிலைநிறுத்திய தொழில்நுட்பம் மறைந்து, அதிசயம் மட்டும் எஞ்சுகிறது. இராஜராஜப் பெருந்தச்சன் என்ற தலைமைத் தச்சனின் பெயர் கல்வெட்டில் இருந்தும், அதிசயக் கதைகள் அவனைக் குறிப்பிடுவதில்லை.

ஒரே காலத்துக் கோயிலா?

படங்கள் உருவாக்கும் மற்றொரு பிழை, காணும் அனைத்தும் இராஜராஜன் காலத்தவை என்ற எண்ணம். அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தைச் சேர்ந்தது. பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. இரண்டாம் சரபோஜியின் நீண்ட மராத்திக் கல்வெட்டு 1803இல் வெட்டப்பட்டது. கருவறையைச் சுற்றிய அறைகளில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரே சுவரில் இரு காலங்கள் இருந்தன என்பது கோயில் முழுமைக்கும் பொருந்தும்.

கல்வெட்டின் எல்லை

கல்வெட்டும் ஒரு சித்திரிப்பே. அரசன் பதிய விரும்பியதையே அது கூறுகிறது. மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் அளித்த கொடைகள் எடைக்கணக்குடன் பதிவாகியுள்ளன. கல் உடைத்தவர்கள், அதை இழுத்து வந்தவர்கள் குறித்து அத்தகைய பதிவு இல்லை.

ஆயினும் திருச்சுற்றின் வடபுறச் சுவரிலுள்ள நீண்ட கல்வெட்டு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவரின் பெயர், முன்பிருந்த ஊர், தஞ்சையில் ஒதுக்கப்பட்ட வீட்டின் வரிசை ஆகியவை அதில் உள்ளன. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக வழங்கப்பட்டது. ஆடலாசிரியர், இசைக்கலைஞர், தையற்காரர், வண்ணார், நாவிதர் ஆகியோரின் பங்குகளும் தொடர்கின்றன. இவ்வளவு பேரை ஊர்விட்டு ஊர் மாற்றிய அரசதிகாரமும் இப்பட்டியலில் தெரிகிறது. அப்பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதை அது சொல்வதில்லை.

மதிப்பீடு

2010இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் 1000 நடனக் கலைஞர்கள் ஆடினர். மன்னனின் பெருமையைக் கொண்டாடிய அவ்விழாவுக்குப் பின்னும், அங்கு ஆடியதாகப் பெயருடன் பதிவான 400 பெண்கள் பொதுநினைவில் இடம்பெறவில்லை. ஒரு சின்னத்தின் உயரத்தை ஒரே படத்தில் காட்டிவிட முடியும். அதன் சமூகத்தை அறிய எழுத்தைப் படிக்க வேண்டும், எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும், எழுதாமல் விட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இம்மூன்றையும் செய்யாத வியப்பு எவ்வளவு பெரிதாயினும் வரலாற்றாய்வு ஆகாது.