ரேடியோ முந்திச் சொன்ன வெற்றி

2004 அக்டோபரில் நான் பாஸ்டனில் இருந்தேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன்.

படிக்கப் போன இடம். மாடியில் நாங்கள் நாலு பையன்கள், கீழே வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. ஊரின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1918-இல், அதாவது அவர் பிறப்பதற்கு முன்னால். அதற்கப்புறம் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள். அந்தப் பாவம்தான் தொடர்கிறது என்று ஊரே சொல்லும். ஸ்டோரோ டிரைவில் 'ரிவர்ஸ் கர்வ்' என்று வளைவை எச்சரிக்கும் பலகையை யாரோ பெயிண்டால் 'ரிவர்ஸ் தி கர்ஸ்' என்று திருத்தி வைத்திருந்தார்கள். சாபத்தைத் திருப்பு! ஊர்க்காரர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனார்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம். டி.வி.யில் சத்தத்தை அறவே குறைத்துவிடுவார். வர்ணனைக்கு, பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ. அந்த ரேடியோ டி.வி.யைவிட பல விநாடி முந்திக்கொள்ளும். ஹோம் ரன் என்று ரேடியோ அலறும்போது திரையில் பிட்சர் கையில்தான் பந்து இருக்கும். முதலில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. போகப் போக அது இல்லாமல் ஆட்டம் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஜூலை 24-ஆம் தேதி அவர் புண்ணியத்தில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கே போனேன். 1912-இல் திறந்த மைதானம். இடது பக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர், கிரீன் மான்ஸ்டர். மழையால் ஆட்டம் தாமதம். தொடங்கிய சற்று நேரத்தில் அடிதடி! பந்து மேலே பட்ட கோபத்தில் யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் கத்த, நம்ம கேட்சர் ஜேசன் வாரிடெக் கையுறையோடு அவர் முகத்தில் ஒரு தள்ளு. கடைசி இன்னிங்ஸில் 10-8 என்று பின்தங்கியிருந்தோம். எதிரே மரியானோ ரிவேரா, முடித்துவைப்பதில் அவரைப்போல் இன்னொருவர் பிறக்கவில்லை. பில் முல்லர் அவர் பந்தைத் தூக்கி அடித்தார். 11-10. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் பீர் முழுக்க என் சட்டையில். துவைக்க மனசே வரவில்லை.

ஒரு வாரத்தில் ஊரின் செல்லப்பிள்ளை நோமார் கார்சியாபாராவையே வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனுக்கு அப்போது முப்பதே வயது. வீட்டுக்காரர் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதே நாளில் டேவ் ராபர்ட்ஸ் என்று ஓர் ஓட்டக்காரரையும் வாங்கியதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

அக்டோபரில் மறுபடி யாங்கீஸ். உலகத் தொடருக்குப் போக ஏழில் நாலு ஜெயிக்க வேண்டும். முதல் மூன்றும் போயிற்று. மூன்றாவதில், அதுவும் ஃபென்வேயிலேயே, 19-8. முதல் மூன்றும் தோற்ற பிறகு நாலு ஜெயித்த அணி அதுவரை பேஸ்பால் பெரிய லீக் சரித்திரத்திலேயே கிடையாது.

17-ஆம் தேதி, ஞாயிறு ராத்திரி. மேலே நண்பன் செய்த நவராத்திரிச் சுண்டலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். துக்க வீட்டுக்குப் போவதுபோலத்தான். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று பின்தங்கியிருந்தோம், எதிரே மறுபடி ரிவேரா. அவர் பந்துகள் இலக்குத் தவறியதில் நம்ம கெவின் மில்லார் நடந்தே முதல் பேஸுக்குப் போனார். மில்லாருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸை அனுப்பினார்கள். எதற்கு? இரண்டாவது பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அங்கே ஓடிச் சேர. அது மைதானத்தில் இருந்த முப்பத்தைந்தாயிரம் பேருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும். தெரிந்து திருடுவதுதான் திருட்டு!

ரிவேரா முதல் பேஸுக்கு ஒருமுறை எறிந்து பார்த்தார். மறுபடி எறிந்தார். மூன்றாம் முறையும் எறிந்தார், தப்பினார் ராபர்ட்ஸ். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், கையில் ஒரே ஒரு கொண்டைக்கடலை. அப்போது ரேடியோவில் கூட்டத்தின் கூச்சல் காதைப் பிளந்தது. திரையில் ராபர்ட்ஸ் இன்னும் கால் எடுக்கவில்லை. ஆனால் அவர் பிழைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்! தெரிந்துகொண்டே பார்த்தேன்: பாய்கிறார், யாங்கீஸ் கேட்சர் பொசாடா எறிகிறார், இரண்டாவது பேஸில் ஜீட்டரின் கையுறை இறங்குகிறது, அதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில். அடுத்து, ஜூலையில் அடித்த அதே முல்லர் நடுவே ஒன்றைத் தட்ட, ஆட்டம் சமம். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் நம்ம டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன். மணி 1.22.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு அங்கே காலை பதினொன்று ஆகப்போகிறது. "யாருக்கு என்னடா ஆச்சு?" என்று பதறிவிட்டாள். "ஜெயிச்சுட்டோம்மா!" "நாம யாரு?" என்றாள்.

அதற்கப்புறம் ஆறு மணி நேரத்தை நெருங்கிய பதினாலு இன்னிங்ஸ் ஆட்டம், அதிலும் ஓர்டிஸ். அடுத்தது கணுக்காலில் தையலோடு, காலுறையில் ரத்தம் கசிய பந்து வீசிய நம்ம கர்ட் ஷில்லிங். அந்தக் காலுறைக்குக் காவியமே பாடுகிறார்கள், பாடட்டும். என் ஓட்டு ராபர்ட்ஸுக்குத்தான். அந்தத் தொடரில் மட்டையையே தொடாத மனிதர்! கடைசி ஆட்டம் யாங்கீஸ் மண்ணிலேயே 10-3. நடக்காதது நடந்துவிட்டது.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோடு உலகத் தொடர் ஒரு சம்பிரதாயம்தான். நாலுக்கு நாலு. ஒரு நிமிஷம்கூட நாங்கள் பின்தங்கவில்லை.

27-ஆம் தேதி நாலாவது ஆட்டத்தின்போது முழு சந்திர கிரகணம். அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள், எதையும் சாப்பிடாதே என்று. பீட்சா பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் செம்புத் தட்டுபோல நிலா. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், 3-0. ரேடியோ வெடித்தது. நானும் நண்பர்களும் குதித்தோம், தெருவே குதித்தது. எங்கோ கார் ஹாரன்கள். திரையில் நம்ம பிட்சர் கீத் ஃபோல்க் இன்னும் பந்தையே போடவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. "உட்காருங்கள், மறைக்காதீர்கள்" என்று கையால் எங்களை விலக்கினார். ஃபோல்க் போட்டார், பந்து அவரிடமே தட்டுப்பட்டு வந்தது. பிடித்து, நாலடி ஓடி, முதல் பேஸுக்குக் கீழ்க்கையால் மெதுவாகத் தூக்கிப் போட்டார். கையுறைக்குள் அது விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் எழுந்தார்.