கர்வாலி மரத்தடியில் ஒரு பொய்

ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னபோது பலகையில் மூன்று படங்கள் ஒட்டியிருந்தன: ஒரு சிங்கம், ஒரு கழுதை, நடுவில் குப்புற விழுந்துகிடக்கும் ஒரு ஆள். கீழ்ப்படியாதவனுக்கு இதுதான் கதி என்று முடித்தார் சொல்லித்தந்த அக்கா. பின்வரிசையிலிருந்து ஒருத்தன் எழுந்து, 'பொய் சொன்ன தாத்தாவை ஏங்க்கா சிங்கம் கடிக்கல?' என்று கேட்டான். உட்காருடா என்றார் அக்கா. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்துக்கு எழுதப்பட்ட விளக்கங்கள் சிலவற்றைப் பிற்பாடு தேடிப் படித்தேன். பெரும்பாலானவை அந்தப் பையனை உட்காரச் சொல்வதற்காகவே எழுதப்பட்டவை என்று எனக்குப் படுகிறது.

கதை இது. தேசம் இரண்டாக உடைந்த புதிது. தெற்கே யூதா, எருசலேம் ஆலயம், தாவீதின் வம்சம். வடக்கே யெரொபெயாம். தன் ஜனங்கள் ஆராதனைக்கு எருசலேமுக்குப் போகத் தொடங்கினால் ஆட்சி கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்திவைக்கிறான். பெத்தேல் பலிபீடத்தில் அவன் தூபங்காட்ட நிற்கும்போது யூதாவிலிருந்து தேவனுடைய மனுஷன் ஒருவன் வந்து பீடத்தைச் சபிக்கிறான். யோசியா என்றொருவன் பிறந்து இதன்மேல் மனித எலும்புகளைச் சுட்டெரிப்பான் என்கிறான். பிடியுங்கள் என்று நீட்டிய ராஜாவின் கை மரத்துப்போகிறது. பீடம் வெடித்துச் சாம்பல் கொட்டுகிறது. கை மறுபடி சரியான பிறகு ராஜா விருந்துக்குக் கூப்பிடுகிறான். அப்பம் தின்னாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. உன் வீட்டில் பாதியைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு வழியாகக் கிளம்புகிறான். இதுவரைக்கும் பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் பார்க்கிற கதைதான்.

பெத்தேலில் ஒரு கிழத் தீர்க்கதரிசி. பிள்ளைகள் வந்து நடந்ததையும், ராஜாவிடம் அந்த ஆள் பேசியதையும் ஒப்பிக்கிறார்கள். கிழவர் கழுதையில் சேணம் வைத்து விரட்டிக்கொண்டு போகிறார். யூதாக்காரன் கர்வாலி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்கு வா, சாப்பிடு என்கிறார். அவன் மறுபடியும் அதே கட்டளையைச் சொல்கிறான். அப்போது கிழவர்: நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், அவனைத் திருப்பிக் கூட்டிவந்து அப்பமும் தண்ணீரும் கொடு என்று ஒரு தூதன் கர்த்தருடைய வார்த்தையாக எனக்குச் சொன்னான். அது பொய்.

இந்தப் பொய்யின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்பம், தண்ணீர், திரும்புதல். கட்டளையில் எவை மறுக்கப்பட்டனவோ அவை அப்படியே தலைகீழாகப் பொய்யில் வருகின்றன. பிள்ளைகள் வாயிலாகக் கட்டளையின் வாசகம் கிழவருக்கு ஏற்கெனவே தெரியும். பூட்டைப் பார்த்துச் செய்த சாவி. அதைவிட முக்கியம், 'கர்த்தருடைய வார்த்தையாக' என்ற தொடர். அந்த அதிகாரம் முழுக்க யூதாக்காரனின் வருகையையும் பேச்சையும் உறுதிப்படுத்தும் முத்திரை அது. கிழவர் குத்துவதும் அதே முத்திரைதான். கள்ளநோட்டில் ஒரு கோடுகூட மாறவில்லை.

எபிரேயத்தில் 'அவனிடம் பொய் சொன்னான்' என்பது இரண்டே சொற்கள். முன்வாக்கியத்தோடு சேர்க்க ஒரு 'உம்'கூட இல்லாமல், ஓரத்தில் கிசுகிசுத்த மாதிரி விழுந்துகிடக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் வாசகனுக்கும் பொய் என்று தெரிய வழி கிடையாது. தமிழில் இது இன்னும் கூர்மையாகிறது. நமக்கு வினைமுற்று கடைசியில்தான் வரும். தூதன், வார்த்தை, அப்பம், வீடு எல்லாம் சொல்லி முடிந்தபின் 'என்று' வருகிறது, அதற்கப்புறம்தான் 'பொய்'. மரத்தடியில் இருந்தவன் அந்த வாக்கியம் முழுவதையும் கேட்டான், கடைசி வினையைத் தவிர. அது நமக்கு மட்டும் சொல்லப்பட்டது. அவன் கீழ்ப்படியவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்வது அவனுக்குத் தரப்படாத ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு.

அவன் எதை மீறினான்? தான் நேரடியாகக் கேட்டதை விட்டுவிட்டு இன்னொருவர் கொண்டுவந்த மாற்றுக் கட்டளையை நம்பினான் என்பது வழக்கமான பதில். சரி. ஆதியாகமம் 22க்குப் போவோம். உன் மகனைப் பலியிடு என்று ஆபிரகாமுக்குக் கட்டளை. கத்தியை ஓங்கின பிறகு வானத்திலிருந்து ஒரு தூதன் கூப்பிட்டு வேண்டாம் என்கிறான். ஆபிரகாம் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல் கட்டளை தேவனே கொடுத்தது, நீ தூதன்தானே, உன் அடையாளம் என்ன என்று விசாரித்திருந்தால் ஈசாக்கு பிணம். தேவனின் முதல் வார்த்தையைத் தூதனின் இரண்டாம் வார்த்தை ரத்து செய்யலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேதத்தில் இல்லை. யூதாக்காரன் செய்தது அதேதான். மோரியா மலையில் செய்தவன் விசுவாசிகளின் தகப்பன். பெத்தேல் சாலையில் செய்தவன் சிங்கத்துக்கு. ஆபிரகாம் தன் காதால் கேட்டான், இவன் ஆள்வழிக் கேட்டான் என்று வித்தியாசம் சொல்லலாம். 1843இல் கீர்க்ககோர் ஆபிரகாமுக்காக ஒரு முழுப் புத்தகத்தையும் நடுங்கி நடுங்கி எழுதினார். அந்த நடுக்கத்தில் கால்வாசி இந்த ஆளுக்குச் செலவழிக்கப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆள்வழி என்ற வித்தியாசம்தான் எனக்கு விவகாரமாகப் படுகிறது. தீர்க்கதரிசனம் என்கிற நிறுவனமே ஆள்வழிதான். எனக்குச் சொல்லப்பட்டது, நான் உனக்குச் சொல்கிறேன், நீ நம்பு. யெரொபெயாமிடம் யூதாக்காரன் கேட்டதும் இதைத்தான். இன்னொருவன் கொண்டுவந்த வார்த்தையை நம்பியதற்குச் சாவு என்றால், யெரொபெயாம் நம்பாமல் இருந்தது எப்படிக் குற்றம்? அந்தச் சமயத்தில் அற்புதம் நடந்ததே என்பார்கள். நடந்தது. ஆனால் அற்புதம் செய்துகாட்டுகிறவனையும் நம்பாதே என்று உபாகமம் 13 சொல்கிறது. சொன்னது நிறைவேறுகிறதா பார் என்கிறது உபாகமம் 18. மரத்தடியில் பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கீழ்ப்படிதலை நிலைநாட்ட வந்த கதையாடல், யாருக்குக் கீழ்ப்படிவது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி அத்தனையையும் தானே அடைத்துவிட்டு நிற்கிறது.

பொய் கர்த்தருக்கு ஆகாது என்று இந்த நூல்களை வைத்துச் சாதிக்கவும் முடியாது. தாவீதை அபிஷேகம் பண்ணப்போகும் சாமுவேலுக்கு, கேட்டால் பலியிட வந்தேன் என்று சொல் என்று அவரே பாதி உண்மை சொல்லிக்கொடுக்கிறார். அதே 1 இராஜாக்கள் 22இல் ஆகாபை ஏமாற்ற நானூறு தீர்க்கதரிசிகளின் வாயில் பொய்யின் ஆவி அனுப்பப்படுகிறது. பரலோக சபையில் ஆலோசனை நடந்தே அனுப்பப்படுகிறது. ஆனால் அங்கே மிகாயா நின்று, இது பொய், இப்படித்தான் உருவானது என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஆகாப் கெட்ட ராஜா. அவனுக்கு எச்சரிக்கை கிடைத்தது. எரேமியாவின் நுகத்தை அனனியா உடைத்துப்போட்டபோது அவனுக்கு அந்த நேரம் பதில் இல்லை. பேசாமல் நடையைக் கட்டுகிறான், வார்த்தை பிற்பாடு வருகிறது. அவனுக்கு அவகாசம் கிடைத்தது. யூதாக்காரனுக்கு இரண்டும் இல்லை.

பந்தியில் நடப்பது இன்னும் மோசம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்த்தருடைய வார்த்தை வருகிறது, இந்தத் தடவை நிஜமாகவே. பொய் சொன்ன அதே வாயில். நீ மீறினாய், உன் பிணம் உன் பிதாக்களின் கல்லறைக்குப் போய்ச்சேராது என்கிறார் கிழவர். பொய்யன் என்று தெரிந்தபின் அவர் சொல்லும் இரண்டாவது வாக்கியத்தை அவன் எதற்காக நம்ப வேண்டும்? பிரதி அவனுக்கு ஒரு வார்த்தையும் தரவில்லை. சண்டை போட்டானா, சிரித்தானா, பாதி அப்பத்தைக் கீழே வைத்தானா, எதுவும் தெரியாது. கழுதை தயாராகிறது. வழியில் சிங்கம் அடிக்கிறது. அடித்துவிட்டுத் தின்னாமல் பிணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கழுதையும் நிற்கிறது. அப்பம் தின்னாதே என்ற கட்டளையை மனுஷனைவிடச் சிங்கம் ஒழுங்காகக் கைக்கொள்கிறது. கிழவர் போய்ப் பிணத்தைத் தூக்கும்போதும் அது அவரைத் தொடவில்லை.

உரைகாரர்கள் இதைச் சகிக்க முடியாமல் என்னென்னமோ செய்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் ஜோசபஸ், யூதாக்காரனுக்கு யாதோன் என்று பெயர் வைத்து, கிழவரைப் போலித் தீர்க்கதரிசியாக்கி, ராஜாவிடம் இருந்த செல்வாக்கு போய்விடும் என்று பயந்து செய்தார் என்று காரணமும் கொடுக்கிறார். கை மரத்தது பலிகளைச் சுமந்த களைப்பு, பீடம் விழுந்தது புதுசாய்க் கட்டியதால் என்று கிழவர் ராஜாவுக்கு விளக்கம் சொல்கிற காட்சியும் அதில் உண்டு. ரசிக்கத்தக்க எழுத்து, ஆனால் மூலத்தின் மௌனம் போய்விட்டது. 1942இல் கார்ல் பார்த் இந்த அதிகாரத்தை நீளமாக வாசித்தார். இருவரும் தெரிந்துகொள்ளப்பட்டவன், தள்ளப்பட்டவன் என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஜோடி, இருவருமாகச் சேர்ந்து கிறிஸ்துவைச் சுட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். பெரிய வாசிப்பு, சந்தேகமில்லை. ஆனாலும் சாலையில் கிடக்கும் பிணம் ஒரு உபதேசத்துக்குள் தூக்கிவைக்கப்பட்டுவிடுகிறது. கிழவராவது 'ஐயோ, என் சகோதரனே' என்று அழுதார்.

மூலத்தில் ஒரே வினை இந்த அதிகாரம் பூராவும் ஓடுகிறது: திரும்பு. கை திரும்பிப் பழையபடி ஆனது, வந்த வழியில் திரும்பாதே, அவனைத் திருப்பிக் கொண்டுவா, அவன் திரும்பினான், யெரொபெயாம் தன் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பவில்லை. தமிழில் அந்த வேர் கிறிஸ்தவச் சொல்வழக்கிலேயே இருக்கிறது, மனந்திரும்புதல். ராஜா திரும்பாததால் பாவி, இவன் திரும்பியதால் பாவி.

யார் எழுதியது என்று கேட்டால் அரசியல் தெரியத் தொடங்குகிறது. யோசியாவின் பெயரே சுமார் 300 வருஷம் முன்னால் சொல்லப்படுகிறது. யெரொபெயாம் காலத்தில் சமாரியா என்ற நகரமே கிடையாது, அதை உம்ரி பிற்பாடுதான் கட்டுகிறான். கிழவரோ சமாரியாவின் பட்டணங்கள் என்று பேசுகிறார். ஆக, யோசியா காலத்தில் (கி.மு. 640-609) அல்லது அதற்கும் பின்னால், எருசலேம் ஒன்றே ஆலயம் என்று நிறுவ நினைத்த யூதாவின் கைகளில் இது வடிவம் பெற்றிருக்க வேண்டும். உபாகமம் தொடங்கி இராஜாக்கள் வரை ஒரே வரலாற்றுத் தொகுப்பு என்று மார்ட்டின் நாத் 1943இல் முன்வைத்த கருத்தும் இந்தத் திசையில்தான் நம்மைத் தள்ளுகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்தால், பெத்தேலில் அப்பம் தின்னாதே, தண்ணீர் குடிக்காதே என்பதன் அர்த்தம் வேறு. அந்த ஊர்த் தண்ணீர் தீட்டு. யாரோடு பந்தியில் உட்காரலாம், கூடாது என்ற கோடு அங்கே கிழிக்கப்படுகிறது. கோட்டைத் தாண்டியவனைச் சிங்கம் பார்த்துக்கொள்கிறது. கிழவருக்கு வேண்டியிருந்தது என்ன என்று பிரதி சொல்லாவிட்டாலும், தன் ஊரைச் சபித்த ஒருவனைத் தன் பந்தியில் உட்காரவைக்க அவர் ஆசைப்பட்டார் என்பது மட்டும் தெரிகிறது. பொய் சொல்லித்தான் அது முடிந்தது.

கிழவர் அவனைத் தன் சொந்தக் கல்லறையில் அடக்கம் பண்ணி, நான் செத்தால் என் எலும்புகளை அவன் எலும்புகள் பக்கத்தில் வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறார். பாசமா, முன்யோசனையா, இரண்டுமா? 2 இராஜாக்கள் 23இல் யோசியா வந்து பெத்தேல் பீடத்தை இடிக்கிறான், கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அதன்மேல் எரிக்கிறான். ஒரு கல்லறைக் குறியைப் பார்த்து அது யாருடையது என்று விசாரிக்கிறான். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுடையது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவன் எலும்புகளை ஒருத்தரும் தொடவேண்டாம் என்று ராஜா உத்தரவிடுகிறான். அவற்றோடு கிழவரின் எலும்புகளும் தப்பின. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு யாரும் கல்லறையைத் திறக்கவில்லை.