அவிழ்த்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகரம் பக்கத்தில் ஒரு பள்ளி. பெயரே பார்பர்ஸ் ஹில்! 2023 ஆகஸ்ட் 31-ம் தேதி ஒரு கருப்பின மாணவரை வகுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். அடிதடியா? காப்பியா? ம்ஹும்... தலைமுடி!

திரிதிரியாக முறுக்கி, உச்சந்தலையில் கட்டியிருந்தார். 'அவிழ்த்தா காலருக்குக் கீழே தொங்குமே' என்றது பள்ளி. கட்டியதற்கு அல்ல, அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தண்டனை! அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி இப்படியே போனது.

மறுநாளே, தலைமுடியை வைத்து இனப் பாகுபாடு கூடாது என்கிற 'கிரவுன்' சட்டம் டெக்சாஸில் அமலுக்கு வந்தது. பிழைத்தாரா? 2024 பிப்ரவரியில் நீதிபதி சொன்னார்: பள்ளி விதி சட்டத்தை மீறவில்லை. சட்டத்தில் முடியின் முறுக்கு இருக்கிறது, நீளம் இல்லையாம்!

அதே பள்ளியில் மாணவிகளுக்கு நீளக் கட்டுப்பாடு கிடையாது. அப்படியானால் பெண்கள் கொடுத்துவைத்தவர்களா? அதுவும் இல்லை. பி.காம். படித்தவனுக்குத் தணிக்கை அறிக்கை என்றால் கை பரபரக்கும். அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பின் 2022 அறிக்கையைப் புரட்டினேன். பள்ளி உடை விதிகளில் 90 சதவிகிதம் பெண்கள் அணியும் உடைகளுக்குத் தடை போடுகின்றன. ஆண்களின் உடைகளுக்கு 69 சதவிகிதம்தான். ஆக, ஸ்கேல் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது.

ஒழுங்கே வேணாம்னு யாரும் சொல்லலை. பிள்ளைங்க படிக்கணும்னுதானே ஒழுங்கு? அதுக்காகப் படிப்பையே நிறுத்தினா எப்படி சார்? வெட்டின முடி வளரும். தொலைஞ்ச வருஷம்?