ஆண்டர்சனின் குண்டு

பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளைக் கதைகளில் நிலைநிறுத்திய பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர் லீவர் துப்பாக்கி, 1895 மாடல். வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அதற்கு முந்தைய லீவர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டாக்கள் குழலுக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா முன்னிருப்பதன் பின்புறத்தைக் குத்தி வெடித்துவிடலாம். இதில் பிரௌனிங் அவற்றைப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அழகான தீர்வு.

எனக்கு அதைவிடப் பிடித்தது குண்டுதான். 300 கிரெயின், 19 கிராமுக்குச் சற்று மேல். ஈய உடல், செம்புக் கலவைத் தோல். நுனியில் ஈயம் தெரிந்தால் உடம்பில் பாய்ந்ததும் காளான்போல் விரியும். அது புலிக்கும் சிறுத்தைக்கும். நுனிவரை மூடியிருந்தால் விரியாமல் எலும்பைத் துளைத்துப் போகும், அது யானைக்கு. மாற்றிப் போட்டவர் கதை எழுத மிஞ்சியிருப்பாரா, சந்தேகம்தான்.

ஈயமே கலக்காத செம்புக் குண்டுகள் பின்னால் பரவின. குழிந்த நுனி இதழ்களாக விரியும், எடை பெரிதாகக் குறையாது. சுடப்பட்ட விலங்கின் இறைச்சியோடு ஈயத் துகளையும் விழுங்கிக் கான்டார் கழுகுகள் செத்ததால், கலிபோர்னியா 2019இல் வேட்டைக்கு ஈயத்தை முழுதாகத் தடைசெய்தது. இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் தொடங்கி வேட்டைக்கே தடை வந்ததால், ஈயமா செம்பா என்ற தேர்வுக்கே வேலையில்லாமல் போயிற்று. நம் பாறுக் கழுகுகளுக்கு எமனாக வந்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிநிவாரணி ஊசி; செத்த மாட்டைத் தின்றதால் அது அவற்றுக்குள் போயிற்று.