காகித வெட்டும் களிமண்ணும்

1

'அலங்காரம்' என்ற சொல்லை நம் விமர்சனத்தில் ஒரு வசவாகவே வழங்கிவருகிறோம். ஒரு கவிதையை அலங்காரம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. உள்ளிருந்து எழுவது உருவம், வெளியிலிருந்து ஒட்டப்படுவது அலங்காரம் என்ற இந்தப் பிரிவினை, செய்யுளின் பழைய சரக்குகளை ஒதுக்குவதற்கு ஒரு காலத்தில் அவசியமாக இருந்தது. அந்த அவசியம் தீர்ந்த பிறகும் அதே அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறோமோ என்று எனக்குப் படுகிறது. இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் கவிதைக்கு வெளியே வைத்துப் பார்க்கலாம். ஒட்டுவது என்பது வெறும் உவமையாக இல்லாமல் ஸ்தூலமான காரியமாகவே நடக்கிற ஒரு தொழில் இருக்கிறது. கையால் வனைந்த பாண்டத்தின்மீது காகிதத்தை வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி, காகிதத்தை உரித்தெடுப்பது. சுட்ட பின் அதன்மேல் கண்ணாடிபோலப் படியும் கிளேஸுக்கு அடியில் அந்த வண்ணம் நிற்கும். அதனால் அதற்கு அண்டர்கிளேஸ் என்று பெயர்.

ஸ்டென்சில் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாத சிறுபத்திரிகைகள் மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து உருட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. 'ஸ்டென்சில் வெட்டுவது' என்றே அதற்குப் பெயர். வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு இன்னொன்றும் தெரியும்: இரும்புப் பெட்டிமேல் கிளையின் பெயரைத் தகட்டு அச்சு வைத்து வெள்ளைப் பெயிண்டில் எழுதுவது. அந்தத் தகட்டில் எழுத்துகள் முழுசாக இருப்பதில்லை. 'வ'வின் சுழிக்குள் இருக்கிற துண்டு கீழே விழுந்துவிடாமலிருக்க அங்கங்கே ஒரு பாலம் விட்டிருப்பார்கள். எழுத்து ஒடிந்து ஒடிந்து விழும். ஓலையும் எழுத்தாணியும் நம் எழுத்தை வளைத்ததுபோல, தகடு அதை ஒடிக்கிறது. ஜப்பானில் துணிக்கு அச்சு வெட்டுகிறவர்கள் பனிச்சைக்கு உறவான ஒரு பழத்தின் துவர்ச்சாறு ஊட்டிய தாளைப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பாலத்தை மறைக்க மெல்லிய பட்டு நூலைத் தாளுக்கிடையே வலைபோல் ஓட்டுவதும் அவர்களிடம் உண்டு. பொருளின் தடையும் அதைத் தாண்டச் செய்யும் தந்திரமும் சேர்ந்துதான் ஒரு கலையின் பாஷை ஆகிறது. நாம் 'உத்தி' என்று அலட்சியமாகச் சொல்வது இதைத்தான்.

2

வேலை நடக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் வரிசை மாறினால் எல்லாம் கெடும்.

வனைந்த பாண்டம் உடனே ஆகாது. விரல் வைத்தால் அமுங்கக் கூடாது, நகம் பட்டால் கீற வேண்டும். அந்தப் பதம் வரை காய வேண்டும். காகிதம் மெல்லியதாக, நீர் குடிப்பதாக இருக்க வேண்டும். தடித்த வழவழப்புத் தாள் விளிம்பில் எழும்பிக்கொள்ளும். பழைய செய்தித்தாள்தான் உத்தமம். அதை வெட்டி, நனைத்து, மண்மேல் வைத்து, ஈரப் பஞ்சால் விளிம்பை அழுத்தி ஓட்டுவார்கள். நனைந்த காகிதமும் நனைந்த மண்ணும் பசை இல்லாமலே பிடித்துக்கொள்ளும். வண்ணம் என்பது கோபால்ட், இரும்பு, செம்பு, குரோமியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் களிமண்ணோடு சேர்த்துப் பதப்படுத்தியது. தூரிகையைக் காகிதத்தின் மேலிருந்து மண்ணை நோக்கி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் வண்ணம் விளிம்புக்கடியில் புகுந்துவிடும். இரண்டு மூன்று பூச்சு. பூச்சின் ஈரப் பளபளப்பு அடங்கியதும், முழுக்கக் காய்ந்து போகும் முன், காகிதத்தை உரிக்க வேண்டும். முந்தினால் ஒழுகும், பிந்தினால் வண்ணம் விளிம்போடு சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும்.

பிறகு முதல் சூடு, ஏறத்தாழ 1000 டிகிரி. மறந்துபோன காகிதத் துணுக்கு ஏதேனும் இருந்தால் அதில் எரிந்துபோகும். அதன்பின் நிறமற்ற கிளேஸில் தோய்த்து மறுபடி சூளை. ஸ்டோன்வேர் ஆனால் 1200 டிகிரிக்கு மேலே. வெளியே எடுக்கும்போது காகிதம் இருந்த இடத்தில் மண்ணின் சொந்த நிறம் தெரியும். சுற்றிலும் வண்ணம். அல்லது காகிதத்தில் ஓட்டை வெட்டியிருந்தால் ஓட்டையின் வடிவம் வண்ணமாகும்.

கவனிக்க வேண்டியது இதுதான். ஒட்டியது எதுவோ அது பாண்டத்தில் இல்லை. தங்கியிருப்பது அதன் இன்மையின் எல்லை. இன்னொன்று, தகட்டைப்போல இந்தக் காகிதம் நூறு முறை உழைக்காது. நனைந்து ஊறி உரிந்தபின் இரண்டாம் முறைக்கு அநேகமாகத் தேறாது. அடுத்த கிண்ணத்துக்கு மறுபடி கத்திரியை எடுக்க வேண்டும். அச்சுக்கும் கைக்கும் இடைப்பட்ட இடம் இது. நகல் என்று சொல்லவும் முடியாது, ஒரே ஒரு தரம் என்று பீற்றிக்கொள்ளவும் முடியாது. கையின் தீர்மானம் கத்திரியிலேயே முடிந்துவிடுகிறது. மண்ணோடு சந்திக்கும்போது நடப்பது அந்தத் தீர்மானத்துக்கு மண் சொல்லும் பதில்.

3

ஸ்டூடியோப் பாண்டக் கலையின் ஆசாரம் இதற்கு நேர்எதிர். பெர்னார்ட் லீச் 1940-இல் எழுதிய 'எ பாட்டர்ஸ் புக்' இந்தத் துறையில் வேதப் புத்தகம். அந்த வழியில் வந்தவர்களுக்குத் தூரிகை வீச்சுதான் பரம லட்சியம். ஒரே மூச்சில், யோசனைக்கு இடம் கொடாமல், மணிக்கட்டிலிருந்து வருவது. ஸ்டென்சில் அவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயம். பெயரற்ற கைவினைஞனே சிறந்தவன் என்பது யானகி சோயெட்சுவின் சித்தாந்தம். அதை உலகெங்கும் எடுத்துச் சென்ற லீச்சும் ஹமாதாவும் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பெயர்களாகிப் போனார்கள் என்பது தனி வேடிக்கை.

இந்தத் தன்னெழுச்சி வழிபாடு நமக்கு அன்னியமல்ல. யோசித்து வெட்டிய வரி பொய், தானாக வந்த வரி மெய் என்று நம் கவிஞர்கள் பலர் நம்புகிறார்கள். சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சீனத்தில் ஜியாங்ஷி மாகாணத்து ஜிச்சோ சூளைகளில், தெற்குச் சோங் காலத்தில் (1127-1279), தேநீர்க் கிண்ணத்துக்கு முதலில் கரிய கிளேஸ் பூசி, அதன்மேல் கத்தரித்த காகிதப் பூக்களையும் பறவைகளையும் வைத்து, வெளிறிய கிளேஸ் ஊற்றி, காகிதத்தை எடுத்துவிட்டுச் சுட்டார்கள். சில கிண்ணங்களில் காகிதத்துக்குப் பதில் நிஜ இலையையே வைத்தார்கள். இலை எரிந்துபோய் நரம்போடு அதன் தடம் நின்றது. அண்டர்கிளேஸ் அல்ல என்றாலும் காரியம் ஒன்றே. ஊர்ச் சனங்கள் சன்னலில் ஒட்டுகிற மலிவான காகித வெட்டு, சூளை வழியாக இறுக்கமான ஒரு மௌனத்தை அடைந்திருக்கிறது. மெய்ஜி காலத்து (1868-1912) ஜப்பானில் ஏழைகள் வீட்டுத் தட்டுகளில் கோபால்ட் நீலத்தைக் காகித அச்சு வைத்துத் தேய்த்தார்கள். அவசர வேலை. அச்சின் ஓரம் ஓரத்தோடு பொருந்தாமல் விட்டுப்போன இடங்கள் தெரியும். அந்தப் பிசகுகளுக்காகவே இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

ஸ்டென்சில் உயிரற்றது என்ற வாதம் ஆக நிற்காது. உயிர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

4

தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவன் ஆதிச்சநல்லூரைத் தாண்டிப் போக முடியாது. சீவலப்பேரிக்குக் கீழே, ஆற்றின் தென்கரையில் அது இருக்கிறது. பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876-இல் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து 1905 வரை. அங்கே கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக வரைந்தவை உண்டு. 2004-05 அகழ்வில் ஓட்டுத் துண்டொன்று கிடைத்தது. மண்ணை உருட்டி ஒட்டிச் செய்த ஒரு பெண், நாரை, மான், முதலை. ஒட்டுவதுதான் அதில் உருவமே. ஒட்டியதையும் பாண்டத்தையும் சூளை ஒன்றாக்கிவிட்டது. அதை 'வெறும் அலங்காரம்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கீழடியிலும் கொற்கையிலும் ஓடுகளில் பெயர்கள் கீறியிருக்கின்றன. கீழடி ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பெயர். சுட்ட பிறகு கீறிய பெயர்களைப் பாண்டத்துக்குச் சொந்தக்காரர் பெயர் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். வனைந்தவன் பெயர் வேண்டியிருக்கவில்லை. இன்று ஸ்டூடியோக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் கையொப்பம். காருகுறிச்சிப் பானையைக் கவிழ்த்தால் கரி.

இங்கே ஏன் கிளேஸ் வரவில்லை என்று கேட்பது நியாயம். கண்மாய்க் களிமண் தாழ்ந்த சூட்டில் பக்குவமாகிற மண். வைக்கோலும் விறகும் போட்டு மூடிய நம் சூளை ஸ்டோன்வேருக்கு வேண்டிய சூட்டைத் தொடாது. தவிர, தண்ணீர்ப் பானை குளிர்வது அது கசிவதால்தான். கிளேஸ் பூசினால் அதன் குணமே போய்விடும். கசியக் கூடாத ஊறுகாய்க்கும் உப்புக்கும் வேறொரு ஜாடி வந்தது, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக. நம் குயவர் அலங்காரம் தெரியாததால் விட்டவரல்லர். காவியைக் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதோடு நிறுத்தத் தெரிந்தவர். நிறுத்துவதும் ஒரு அழகியல் தீர்மானம்தான்.

5

1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் மற்ற ஊர்களிலும் சூளை வைத்தார்கள். தமிழ்நிலத்தில் உயர்சூட்டுப் பாண்டம் ஒரு மரபாகியது இப்படித்தான். இந்த மரபின் பெரிய சாதனைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அதன் நிழலில் கடைகளுக்கு வரும் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காப்பிக் கோப்பை, அதைச் சுற்றிச் சம இடைவெளியில் நாலு மீன். அல்லது நாலு மாங்காய், நாலு கோபுரம், புள்ளிக் கோலம். வெட்டு சுத்தம், விளிம்பு சுத்தம், நீலம் நல்ல நீலம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் பாண்டமும் மீனும் ஒன்றையொன்று அறியவில்லை என்பது புரிகிறது.

காரணம் தொழிலிலேயே இருக்கிறது. காகிதம் தட்டை. பாண்டத்தின் வயிறு இரண்டு திசையிலும் வளைவது. தட்டையான தாள் வளைவின்மேல் உட்காரும்போது மடியும், சுருங்கும், விளிம்பில் வாய் பிளக்கும். தட்டிலும் நேர் உருளையிலும் இந்தச் சங்கடம் இல்லை. குடத்தின் வயிற்றில் வைக்க வேண்டுமானால் தாளைச் சிறுசிறு துண்டாக்க வேண்டும், ஓரத்தில் கீறிவிட வேண்டும், வடிவத்தையே அந்த வயிற்றுக்கென்று மறுபடி யோசிக்க வேண்டும். நல்ல வேலை இந்த மறுயோசனையில் பிறக்கிறது. மீன் குடத்தின் வளைவில் திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. அந்தத் திரும்பலில் அது மீனாகிறது. சோம்பேறி வேலை இதைத் தவிர்க்க எல்லாப் பாண்டங்களையும் நேர் உருளையாக்கிவிடுகிறது. ஸ்டென்சிலுக்கு வசதியாக மண் வனையப்படுகிறது. உயிர் போவது இந்த இடத்தில்.

இதைக் கோப்பைகளோடு விட்டுவிடலாம். ஆனால் நம் இலக்கியத்தில் இப்போது நடப்பது இதுவேதான் என்று நினைக்கிறேன். வட்டாரம், வேர், மண்வாசனை என்று பேசிப் பேசி, இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு அச்சுத் தொகுதி வெட்டி வைத்திருக்கிறோம். ஆறு, படித்துறை, பனை, சுடலைமாடன் பீடம், வில்லுப்பாட்டு, 'ஏலே' என்ற விளி. எந்த அனுபவத்தின் மேலும் இவற்றைச் சம இடைவெளியில் பதிக்கலாம். பதிப்பதற்கு ஏற்றபடி அனுபவத்தை நேர் உருளையாக வனைந்துகொண்டால் போதும். சீவலப்பேரிக்காரர்களுக்கு இதன் கொடுமை கொஞ்சம் கூடவே தெரியும். 1994-இல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு அரிவாள் தெரிகிறது. ஊரின்மேல் தாளை வைத்துப் பூசியாயிற்று. தாளுக்கு அடியில் இருந்த இத்தனை சனங்களும் வெறும் இடைவெளி.

இதே இடத்தில்தான் முக்கூடற் பள்ளும் நிற்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற இந்தக் கூடல்தான் அதன் களம். ஆசிரியர் பெயர் தெரியாது. பள்ளு என்பதே ஒரு வெட்டிய தாள்: மூத்த பள்ளி, இளைய பள்ளி, இருவர் ஏசல், பண்ணைக்காரன், மழைக்குறி, வெள்ளம், விதைவகை, மாட்டுவகை. எந்தப் பள்ளை எடுத்தாலும் ஏறக்குறைய இந்த வரிசைதான். நம் அளவுகோலின்படி அது செத்த சாமானாக இருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அந்தப் பெயரற்றவர் தாளை இந்தக் கூடலின் வளைவுக்கு அழுத்தியிருக்கிறார். வைணவ முக்கூடற் பள்ளியும் சைவ மருதூர்ப் பள்ளியும் ஏசிக்கொள்ளும்போது அது ஒரு இலக்கணத்தின் உறுப்பு மட்டுமல்ல. இந்தக் கரையின் சமயச் சண்டை வயல் வரப்பில் இறங்கிக் கேலியாகிறது. நெல்லும் மீனும் பெயர் பெயராக வந்து சட்டகத்தை நிரப்பித் தளும்புகின்றன. விளிம்பு அங்கங்கே கசிகிறது. கசிந்த இடத்தில் ஊர் தெரிகிறது.

எனவே அலங்காரமா உருவமா என்ற கேள்வியை வைத்துவிடலாம். வடிவம் முன்கூட்டியே வெட்டப்பட்டதா என்ற கேள்வியும் அவ்வளவு முக்கியமில்லை. எல்லா வடிவமும் ஏதோ ஒரு அளவுக்கு முன்கூட்டி வெட்டப்பட்டதே. வெண்பா வெட்டப்பட்டது, புதுக்கவிதையும் இந்த ஐம்பது அறுபது வருஷத்தில் நன்றாகவே வெட்டப்பட்டுவிட்டது. கேட்க வேண்டியவை இரண்டு. தாள் இந்த வயிற்றுக்காக மறுபடி கத்தரிக்கப்பட்டதா? உரித்தபின் அங்கே தெரிவது மண்ணா, அல்லது நேற்றைய தாளின் ஞாபகமா? விமர்சகன் விரலை விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளேஸுக்கு மேல் அது வழவழவென்றுதான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.